ஜெயஸ்வாலின் காரவேலன் கல்வெட்டுக் கட்டுரை: தெளிவான பிரதி தேவை

அனைவருக்கும் வணக்கம். பாட்னா உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருந்துகொண்டே, பண்டைய இந்தியாவில் குடியரசுகளும் மன்றங்களும் செழித்திருந்தன என்று 1924இல் வெளிவந்த ‘ஹிந்து பாலிட்டி’ நூலில் சான்றுகளோடு நிறுவ முற்பட்ட காசி பிரசாத் ஜெயஸ்வால் (1881–1937) குறித்துக் கட்டுரை எழுதி வருகிறேன். தன்னாட்சி இந்தியர்க்குப் பழக்கமில்லாதது என்று ஆள்வோர் சொல்லிவந்த காலத்தில் அது எத்தனை பெரிய துணிவு!

ஒடிசாவின் ஹாத்திகும்பா குகையிலுள்ள கலிங்க மன்னன் காரவேலனின் கல்வெட்டை அவர் தொல்லியலாளர் ஆர். டி. பானர்ஜியுடன் சேர்ந்து படித்தார். தமிழரசர் கூட்டணியைக் குறிப்பதாகக் கொள்ளப்படும் தொடர் அதன் 11ஆம் வரியில் வருவதால், நமக்கு அது மிக முக்கியமானது. அவர்களின் கட்டுரை வெளிவந்த ‘எபிகிராபியா இண்டிகா’ என்னும் கல்வெட்டியல் இதழின் 20ஆம் தொகுதியின் என் ஒளிநகலில் அவ்வரியின் மைப்படி (கல்லிலிருந்து மையால் ஒற்றியெடுத்த படி) வெறும் கறுப்புத் திட்டாகவே தெரிகிறது. நல்ல பிரதி வைத்திருப்போர் அப்பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.