சண்டைய நிப்பாட்டுவம் எண்டு வாக்குக் கேட்டு வந்தவர்கள்: உங்கட அனுபவத்தையும் எழுதுங்க

கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து

1994 நவம்பர் 9 இலங்கை ஜனாதிபதித் தேர்தல். சந்திரிகா அம்மையாருக்கு வாக்குக் கேட்டு ஒரு அரசியல்வாதி எங்கட கோயில் வளவுக்கு வந்தார். மகனைப் பறிகொடுத்த ஒரு கிழவி எழும்பி, "மனே, மறுகாவும் ஏமாத்த மாட்டீங்களே?" எண்டு கேட்டா. அவர் அவவின்ட கையைப் பிடிச்சு, "என்ட தாய்க்குச் சொல்ற மாதிரிச் சொல்றன், சண்டை நிக்கும்" எண்டார். சனம் அள்ளிப் போட்டது. நாடு முழுக்க 62 வீதம், மட்டக்களப்பில் அதைவிட எவ்வளவோ கூட.

1995 ஜனவரியில் போர்நிறுத்தம் வந்தது. ஏப்ரல் 19இல் திருகோணமலையில் புலிகள் கடற்படைப் படகுகளைத் தகர்க்க எல்லாம் முடிஞ்சது. அதுக்கு அரசாங்கத்தை மட்டும் குறை சொல்ல மாட்டன். எனக்கு வயிறு எரிஞ்சது, கோயில் வளவில் வாக்குக் கேட்ட அதே வாய் கொஞ்ச நாளில் 'சமாதானத்துக்கான யுத்தம்' எண்டு நியாயம் பேசினதுக்கு.

அவங்க பேசினாங்க, நாங்க மண்முனைத் துறையில் பாதைக்கு, அதுதான் வாவியைக் கடக்கிற மிதவைக்கு, காத்து நிண்டம். யூரியா கொண்டு போக ஏலாது, சீமெந்து ஏலாது, பற்றறி ஏலாது. ஒருநாள் ஆமிக்காரன் அப்பாவின்ட டோர்ச்சைக் கழற்றி, பற்றறிகளை எடுத்து மேசையில் வச்சிட்டு வெறும் டோர்ச்சைக் கையில் குடுத்தான். இரவில் வயலுக்கு யானைக்காவல் போற மனிசன் அவர். அந்தப் போகம் பசளை இல்லாமல் பயிர் மஞ்சளடிச்சுப் போச்சு. கிழவியின்ட கையைப் பிடிச்சவர் அதுக்குப் பிறகு பாதையேறி வாவிக்கு மேற்கால இருக்கிற எங்கட படுவான்கரைக்கு வரவேயில்லை. கண்ணை மூடுமட்டும் அவ அவரை விசாரிச்சா.

வாகரையிலிருந்து

எங்களை நம்ப வச்சது அரசாங்கமும் புலிகளும் செய்த 2002 பெப்ரவரி 22 போர்நிறுத்த ஒப்பந்தம். சுனாமிக்குப் பிறகு கூடாரத்துக்கு வந்த ஒருவர், "இனி வெடிச்சத்தம் கேக்காது, பயப்படாம கல்வீடாவே கட்டுங்க" எண்டார். கட்டினம். 2006 நவம்பர் 8இல் கதிரவெளிப் பாடசாலையில் அகதியா இருந்த சனத்துக்கு மேல செல் விழுந்து 40 பேருக்கு மேல செத்தாங்க. காட்டால நடந்து வாழைச்சேனைக்குப் போனம். சாவீட்டுக்குக்கூட அவர் வரயில்ல. அடுத்த தேர்தலுக்கு வேற கட்சி நோட்டீசில் அவரின்ட படம் இருந்தது.

பொத்துவிலிலிருந்து

மேல எழுதின ரெண்டு பேரின்ட கதையும் நெஞ்சை அடைக்குது. சண்டை 2009இல் முடிஞ்சிட்டு எண்டு எல்லாரும் சொல்றாங்க. ஊறணி கனகர் கிராமத்துச் சனம் 1990இல் இடம்பெயர்ந்தது. 2018இலும் தங்கட காணியைக் கேட்டு வீதியோரம் போராட்டத்தில் இருந்தது. சண்டைய நிப்பாட்டுறது எண்டால் சனத்தை அவங்கட மண்ணில் திருப்பி இருத்துறதும் சேர்த்துத்தானே? அடுத்த முறை வாக்குக் கேட்டு வாறவரிட்ட நான் மாலையோட நிக்கப்போறல்ல. எந்தத் திகதியில் காணியை விடுவீங்க, எழுத்தில தாங்க எண்டுதான் கேக்கப் போறன்.