தென் பசிபிக் ஆணையத்தில் தீவு மக்களின் குரலுக்கு இடம் இருந்ததா?

கேள்வி (முதுகலை மாணவி, பொள்ளாச்சி):
அனைவருக்கும் வணக்கம். 1947 பிப்ரவரி 6 அன்று ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன், பிரான்ஸ், நெதர்லாந்து, அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகள் கான்பெராவில் ஒப்பந்தம் செய்து தென் பசிபிக் ஆணையத்தை அமைத்தன. தீவு மக்களின் நலனுக்காகவே என்று சொல்லப்பட்ட அந்த ஒப்பந்தத்தில் தீவு மக்கள் சார்பில் ஒருவரும் கையெழுத்திடவில்லை. தீவுகளை ஆண்ட நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டை வட்டார ஒத்துழைப்பு என்று என் கட்டுரையில் எழுதலாமா?

மறுமொழி (ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், ஈரோடு):
அம்மணி, 1947ஆம் ஆண்டோடு நிறுத்திக்கொண்டால் உங்கள் ஐயம் முற்றிலும் நியாயமானதே. ஆனால் ஆணையம் வேறு, அதற்கு ஆலோசனை சொல்ல ஏற்படுத்தப்பட்ட தென் பசிபிக் மாநாடு வேறு. தீவுகளின் பேராளர்களைக் கொண்ட அந்த மாநாடு 1950இல் பிஜியில், சுவாவுக்கு அருகிலுள்ள நசினுவில் முதன்முறையாகக் கூடியது. வெவ்வேறு கொடிகளின்கீழ் ஆளப்பட்ட தீவினர் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து ஒருவர் குறையை ஒருவர் கேட்டதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அழைத்தவர்கள் ஆலோசனையோடு நிற்கும் என்று நினைத்திருக்கலாம், வந்தவர்கள் அதோடு நிற்கவில்லை. 1965இல் இன்றைய பப்புவா நியூ கினியின் லே நகரில் கூடிய மாநாட்டில், பின்னாளில் பிஜியின் முதல் பிரதமரான ராட்டு கமிசெசெ மாரா முன்னின்று, ஆணையத்தின் வேலைத்திட்டத்திலும் செலவுக் கணக்கிலும் தீவினருக்கு உரிமை வேண்டும் என்று வாதிட்டார்.

ஒரு பூட்டு மட்டும் திறக்கவே இல்லை. அரசியல் பேசக்கூடாது என்பது விதி. 1966 முதல் பிரான்ஸ், தன் ஆட்சியிலிருந்த பிரெஞ்சு பொலினீசியாவின் மொருரோவா பவளத்தீவில் அணுகுண்டுச் சோதனை நடத்தியபோது, தங்கள் கடலைப் பற்றித் தங்கள் மாநாட்டிலேயே தீவினரால் பேச முடியவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. ஆகவேதான் 1971 ஆகஸ்டில் நியூசிலாந்தின் வெலிங்டனில், அரசியலும் பேசக்கூடிய நாட்டுத் தலைவர்களின் அமைப்பாகத் தென் பசிபிக் மன்றம் தனியே பிறந்தது. பழைய ஆணையத்திலும் 1983இல் வட மரியானா தீவுகளின் சைபானில் கூடிய மாநாடுதான் எல்லாத் தீவுகளுக்கும் சம உறுப்புரிமையை ஏற்றது. ஒத்துழைப்பு என்றே எழுதுங்கள். ஆனால் அது கொடுக்கப்பட்டதன்று, கேட்டு வாங்கப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மறுமொழி (தென்னை விவசாயி, ஆனைமலை):
ஆசிரியர் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் அரசியல் நீங்கலாக நடந்த வேலையை அற்பமாக எண்ணிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தோப்பில் காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்துவிட்டால், பிறகு விரியும் மட்டை கத்தரியால் முக்கோணமாக வெட்டியது போலிருக்கும். கம்பியைக் குருத்துக்குள் விட்டு வண்டைக் குத்தி எடுப்போம், எருக்குழியைக் கிளறிச் சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுக்களைப் பொறுக்குவோம். இதே வண்டு 1909இல் இலங்கையிலிருந்து ரப்பர் நாற்றுகளோடு சமோவாவுக்குப் போய்ச் சேர்ந்தது. கொப்பரையை நம்பி வாழ்ந்த தீவுகளுக்கு அது எவ்வளவு பெரிய இடி என்பது தென்னை வைத்திருப்பவருக்குத் தெரியும்.

1960களில் ஆணையமும் ஐக்கிய நாடுகள் அவையும் சேர்ந்து மேற்கு சமோவாவில் ஆய்வு நடத்தின. மலேசியாவில் கண்டறியப்பட்ட ஒரு வைரஸ் 1967இல் அங்கே வண்டுகளிடையே பரப்பப்பட்டது. நோய் பிடித்த வண்டு தீனியை விட்டுவிடும். அதன் கழிவின் வழியே நோய் மற்ற வண்டுகளுக்கும் புழுக்களுக்கும் பரவும். வண்டும் சேதமும் வெகுவாகக் குறைந்தன, பிறகு மற்றத் தீவுகளும் அதே வழியைப் பின்பற்றின. வண்டு எந்தக் கொடியையும் பார்ப்பதில்லை. ஒரு தீவு மட்டும் தனித்துப் போராடி அதை வென்றிருக்க முடியாது.

கேள்வி கேட்டவர்:
ஐயா, அண்ணா, இருவருக்கும் மிக்க நன்றி. லே மாநாட்டையும் மொருரோவாவையும் ஒரு பகுதியாகவும், வண்டு ஆய்வை மற்றொரு பகுதியாகவும் எழுதுகிறேன். அண்ணா, வெட்டுப்பட்ட மட்டையை நேரில் பார்க்க ஞாயிற்றுக்கிழமை அப்பாவுடன் தோப்புக்கு வரலாமா?

தென்னை விவசாயி:
தாராளமாக வாருங்கள், அம்மணி. காலை எட்டு மணிக்குள் வந்துவிட்டால் எருக்குழியையும் கிளறிக் காட்டுகிறேன்.