ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஆன்டிபயாடிக் சுரப்பது குறைகிறது: கல்ச்சர் கலெக்‌ஷனில் டெபாசிட் செய்தால் பயன் உண்டா?

வயல்மண்: மண்ணிலிருந்து பிரித்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் (ஆன்டிபயாடிக் சுரக்கும் மண் பாக்டீரியா) இது. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற நோய்க்கிருமிக்கு எதிராக 18 மி.மீ. ஜோன் (கிருமி வளராத வட்டம்) தந்தது, இப்போது 10-ஐத் தாண்டுவதில்லை. மாதாமாதம் ஸ்லாண்டில் (சாய்த்து உறைய வைத்த அகார் குழாய்) சப்கல்ச்சர் செய்து, அதாவது புது ஊடகத்துக்கு மாற்றி, 4 டிகிரியில் வைக்கிறோம். மீட்க முடியுமா? ஜீனோம் சீக்வென்ஸ் (முழு டிஎன்ஏ வரிசை) கையில் இருக்கும்போது, நுண்ணுயிர்களை உயிரோடு சேமிக்கும் கல்ச்சர் கலெக்‌ஷனில் டெபாசிட் எதற்கு என்று ஆய்வு கைடு கேட்கிறார். என்ன சொல்வது?

ஸ்போர்: மாதாமாத சப்கல்ச்சர்தான் காரணமாக இருக்கும். ஸ்ட்ரெப்டோமைசிஸின் குரோமோசோம் வட்டமல்ல, இரு முனை கொண்ட நீள இழை. அந்த முனைகளில் பெரும் துண்டுகள் அடிக்கடி உதிரும். அப்படி இழந்தவை பல சமயம் ஸ்போரும் விடாது, ஆன்டிபயாடிக்கும் சுரக்காது. ஆனால் நன்றாக வளரும். லூப்பால் மொத்தமாக வழித்து மாற்றும்போது அவையே பெருகிவிடும்.

இருப்பதிலேயே பழைய ஸ்லாண்டை எடுங்கள். ஒரு பிளேட்டில் 30–50 காலனி வரும்படி நீர்த்து, ஐஎஸ்பி-2 அகாரில் (ஈஸ்ட், மால்ட் சாறு கலந்த ஊடகம்) பரப்பி, 28 டிகிரியில் 7–10 நாள் வையுங்கள். வழவழப்பாக, மொட்டையாக இருப்பவற்றை விடுங்கள். மாவு பூத்தாற்போல் இருப்பவற்றில் இருபதையாவது 6 மி.மீ. அகார் துண்டாக வெட்டி, ஸ்டாஃபிலோகாக்கஸ் பரப்பிய பிளேட்டில் வைத்துப் பாருங்கள். ஜோன் பெரிதாக வரும் காலனியைப் புதுப் பிளேட்டில் ஸ்போர் விடும்வரை வளர்த்து, மேலே 20% கிளிசரால் 5 மி.லி. ஊற்றிச் சுரண்டுங்கள். பஞ்சு அடைத்த ஸ்டெரைல் சிரிஞ்சில் வடித்தால் இழைகள் தங்கி ஸ்போர் இறங்கும். அரை மி.லி. வீதம் வயலில் (சிறு குப்பி) பிரித்து மைனஸ் 80-ல் வையுங்கள். உருகிய வயலைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். ஃப்ராஸ்ட்-ஃப்ரீ ஃப்ரீசரும் ஆகாது: பனியை உருக்க அது அவ்வப்போது சூடேறும், ஸ்டாக் செத்துக்கொண்டே வரும்.

அகார்தட்டு: கைடுக்கு என் பதில்: சீக்வென்ஸை ஃபெர்மென்டரில் போட முடியாது. 1966-ல் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் பிராக்கும் ஃப்ரீஸும் எடுத்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் பாக்டீரியா உயிரோடு அமெரிக்காவின் ஏடிசிசி கல்ச்சர் கலெக்‌ஷனில் இருந்தது. 1980-களில் டிஎன்ஏ-வைப் பெருக்கும் பிசிஆர் முறைக்கு வெப்பம் தாங்கும் டேக் பாலிமரேஸ் என்சைம் கிடைத்தது அந்த இனத்திலிருந்துதான். சேமித்த காலத்தில் பிசிஆரே கிடையாது. பிரிட்டனின் என்சிடிசி கல்ச்சர் கலெக்‌ஷனில் முதல் எண் கொண்ட ஷிகெல்லா (சீதபேதிக் கிருமி), 1915-ல் ஒரு படைவீரரிடம் எடுத்தது. பின்னாளில் அதை உயிர்ப்பித்துப் பார்த்தபோது பென்சிலினுக்கு அடங்கவில்லை. பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டதே 1928-ல்தான்! அன்று உயிரோடு வைக்காமல் விட்டிருந்தால் இதை இன்று யாரும் சோதித்திருக்க முடியாது. உங்களுடையது புது இனமாக இருந்தால் பெயர் செல்லுபடியாகவே இரண்டு நாடுகளில் இரண்டு கலெக்‌ஷனில் டைப் ஸ்ட்ரெய்ன் (அந்த இனத்துக்கு அடையாளமான மூல கல்ச்சர்) இருக்க வேண்டும்.

வயல்மண்: பேட்டன்ட் எடுக்கும் எண்ணமும் இருக்கிறது. சாதாரண டெபாசிட் போதுமா?

ஸ்போர்: போதாது. பேட்டன்ட்டுக்காக நுண்ணுயிர் டெபாசிட் செய்வது பற்றிய சர்வதேச புடாபெஸ்ட் ஒப்பந்தப்படி அங்கீகாரம் பெற்ற மையத்தில் பேட்டன்ட் டெபாசிட்டாகவே கொடுக்க வேண்டும். நம் நாட்டில் சண்டிகரின் எம்டிசிசி, புனேயின் என்சிஎம்ஆர் இரண்டும் அப்படிப்பட்டவை. விண்ணப்பத் தேதிக்குள் டெபாசிட் முடிந்திருக்க வேண்டும், எண்ணை விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும். குறைந்தது 30 ஆண்டு வைத்திருப்பார்கள். கடைசியாக யாராவது மாதிரி கேட்டதிலிருந்து 5 ஆண்டும் வைக்க வேண்டும். மையம் உறுதி சொல்வது உயிர்ப்புக்கு மட்டும். சுரப்பு இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை, அதனால் மீட்ட காலனியை ஜோன் அளந்த பிறகே அனுப்புங்கள். இப்போதுள்ள ஸ்லாண்டை அனுப்பினால் குறைந்துபோன கல்ச்சருக்குத்தான் எண் கிடைக்கும்.