கஞ்சாவை நிறுத்தி ஒரு மாதம் ஆகப்போகிறது, களைப்பு மட்டும் போகவில்லை

பனங்கொட்டை எழுதியது:

வணக்கம். ஸ்கார்பரோவில் இருக்கிறேன், வயது நாற்பதை நெருங்குகிறது. ஒரு களஞ்சியசாலையில் பிற்பகல் மூன்று மணியிலிருந்து இரவு பதினொரு மணிவரை வேலை. பெட்டிகளை ஏற்றி இறக்கும் இயந்திரம் ஓட்டுகிறேன்.

2018 அக்டோபரில் கனடாவில் கஞ்சா சட்டபூர்வமானது. அடுத்த ஆண்டு ஒன்டாரியோவில் கடைகளும் திறந்தன. அதற்கு முன்பு எப்போதாவது நண்பர்களோடு ஒன்று. பிறகு வேலையால் வந்ததும் பல்கனியில் ஒன்று, படுக்கும் முன் இன்னொன்று என்று ஆகிவிட்டது. விடுமுறை நாட்களில் பகலிலேயே தொடங்கிவிடுவேன். மதுவைத் தொடுவதில்லை. அதனால் என்னை ஒழுக்கமான பிள்ளை என்றே உறவினர்கள் நம்புகிறார்கள். உண்மை தெரிந்தவர் மனைவி மட்டுமே.

பார ஊர்தி உரிமம் எடுக்க வேண்டும் என்பதற்காக நிறுத்தினேன். முதல் வாரம் மிக மோசம். தலையணை நனையும் அளவுக்கு வியர்வை, சோற்றைக் கண்டாலே வெறுப்பு, பிள்ளைகள் கதிரையை இழுத்தால்கூடக் கோபம். அதெல்லாம் தணிந்துவிட்டது. இப்போது பசிக்கிறது, கோபமும் குறைவு. களைப்பு மட்டும் கூடிக்கொண்டே போகிறது. காலையில் எழும்பும்போதே பாரம் தூக்கி முடித்தவன்போல இருக்கிறேன். மாடிப்படி ஏறினால் கால் கனக்கிறது. நண்பகலில் படுத்தால் இரண்டு மணிநேரம் போவதே தெரியாது. இரவிலோ ஒரு மணிக்குப் படுத்தால் நான்கு மணிக்கு விழிப்பு.

கனவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாக எனக்குக் கனவே வந்ததில்லை. இப்போது கண்ணை மூடினால் வரிசையாக வருகின்றன. சில சிரிப்பானவை. கிளிநொச்சியில் படித்த பள்ளிக்கூடத்தில் இந்த வயதில் கணக்குப் பரீட்சை எழுதுகிறேன், சீருடையில். சில அப்படி இல்லை. 2009இல் வன்னியில் பதுங்குகுழிக்குள் இருந்த நாட்கள் வருகின்றன. அதை இங்கே விரிவாக எழுத மனமில்லை.

அம்மாவுக்குக் காரணம் தெரியாது. கண்ணூறு என்று சொல்லி மல்லித் தண்ணீர் அவித்துத் தருகிறார். வேலையில் ஒருவர் நித்திரைக் குளிசை தரலாம் என்கிறார். கஞ்சாவால் அடிமைத்தனம் வராது, எல்லாம் மனப்பிரமை என்கிறார் இன்னொருவர். இந்தக் களைப்பு கஞ்சாவை விட்டதால்தானா? எப்போது போகும்?

நெடுஞ்சாலை எழுதியது:

தம்பி, நான் பார ஊர்தி ஓட்டுபவன். உங்களுக்கு இருந்த அதே பழக்கம் எனக்கும் இருந்தது. விட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. மனப்பிரமை என்று சொன்னவரைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். விட்ட பிறகு என் உடம்பு பட்ட பாட்டை என் மனைவி மற்றவர்களுக்குக் கதையாகச் சொல்லிச் சிரிப்பார்.

எனக்கு முதல் மாதம் முழுக்க அலுப்பு. இரண்டாவது மாதத்தில் நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வந்தன. ஒரு நல்ல நாளைப் பார்த்து முடிந்துவிட்டது என்று துள்ளுவேன், மறுநாள் திரும்பவும் சுருண்டுவிடுவேன். அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். படிப்படியாக ஏறும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

எனக்கு உதவியது ஒன்றே ஒன்று: எழும்பும் நேரத்தை மாற்றாமல் வைத்திருந்தது. இரவு எவ்வளவு கெட்டாலும் அதே நேரத்தில் எழும்பி, சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தேன். ரொறன்ரோவின் டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். உங்களைப்போலப் பிற்பகலில் வேலைக்குள் நுழைபவர் காலை வெளிச்சத்தையும் தவறவிட்டால் சூரியனைக் காணாமலே குளிர்காலம் போய்விடும்.

உரிமம் பற்றி ஒரு எச்சரிக்கை. வணிக ஊர்தி ஓட்டுபவரின் உடம்பில் கஞ்சா துளியும் இருக்கக்கூடாது என்பது ஒன்டாரியோ விதி. அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எல்லை தாண்டி பஃபலோ, டெட்ராய்ட் பக்கம் ஓடும் வேலை கிடைத்தால் அமெரிக்கச் சட்டப்படி சிறுநீர்ப் பரிசோதனையும் உண்டு. இங்கே சட்டபூர்வம் என்ற பேச்சு அங்கே எடுபடாது. நாளாந்தம் புகைத்தவருக்கு நிறுத்தி ஒரு மாதம் கடந்தும் சிறுநீரில் தெரியலாம். வேலைக்கு விண்ணப்பிக்கும் திகதியை அதற்கேற்ப வையுங்கள். அதைவிட முக்கியம்: நான்கு மணிநேர நித்திரையோடு பதினெட்டுச் சக்கர ஊர்தியில் பயிற்சிக்கு ஏறாதீர்கள். இப்போது ஓட்டும் இயந்திரத்திலும் கவனமாக இருங்கள்.

ஊர்க்குருவி எழுதியது:

இதற்கெல்லாம் இவ்வளவு யோசனையா? மூலிகைதானே. படுக்கும் முன் இரண்டு விரல் பிராண்டி போதும், விடியும்வரை அசையமாட்டீர்கள்.

வெள்ளைச்சப்பாத்து எழுதியது:

ஊர்க்குருவி, உங்கள் வைத்தியத்தை முதலில் தள்ளி வைக்கிறேன். மது சீக்கிரம் கண்ணை மூடவைக்கும், பின்னிரவில் நித்திரையைத் துண்டு துண்டாக்கும். இவருடைய சிக்கலே பின்னிரவில்தான் இருக்கிறது. குடிப்பழக்கம் இல்லாத ஒருவருக்கு அதைப் பழக்கிவிட வேண்டாம். கஞ்சாவை நிறுத்துவது துன்பம் தரும், உயிராபத்து வருவது அரிது. நாட்பட்ட குடியைத் திடீரென்று நிறுத்தினால் உயிரே போகலாம்.

பனங்கொட்டை, நான் மருத்துவமனைத் தாதி. உங்களுக்கு மூத்தவளாகத்தான் இருப்பேன், தம்பி என்றே சொல்கிறேன். நீங்கள் எழுதிய வியர்வை, பசியின்மை, எரிச்சல், நித்திரைக் குழப்பம், பயங்கரக் கனவுகள் எல்லாம் கஞ்சா விலகல் அறிகுறிகள், அதாவது பழகிய உடம்பு அது இல்லாமல் படும் பாடு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கைநூல் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் இதைத் தனி நிலையாகவே சேர்த்துக்கொண்டது. பெரும்பாலும் நிறுத்திய ஒன்றிலிருந்து மூன்று நாட்களில் தொடங்கும், முதல் வாரத்தில் உச்சம், இரண்டு வாரங்களில் பெரும்பகுதி அடங்கும். நித்திரை மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது. அது ஒரு மாதத்துக்கு மேலும் இழுக்கலாம்.

கஞ்சாவில் போதை தருவது டி.எச்.சி. என்ற பொருள். அது மூளையில் சில ஏற்பிகளில், அதாவது உயிரணுக்கள் செய்தி வாங்கும் இடங்களில், போய் ஒட்டிக்கொள்கிறது. அவற்றில் இயல்பாகப் பொருந்துவதற்கு உடம்பே சில பொருட்களைச் சுரக்கிறது. நாள்தோறும் வெளியிலிருந்து கொட்டினால் மூளை ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும். நிறுத்தியதும் வெளிவரத்தும் இல்லை, ஏற்பிகளும் குறைவு. நாளாந்தம் புகைத்தவர்களின் மூளையைப் படமெடுத்த ஆய்வுகளில், நிறுத்தி ஏறத்தாழ நான்கு வாரங்களில் ஏற்பிகள் மற்றவர்களின் அளவை நெருங்கியிருந்தன. நீங்கள் இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

கனவு வரும் நித்திரைக் கட்டத்தைக் கஞ்சா ஒடுக்கும். அதனால்தான் அத்தனை ஆண்டுகள் கனவில்லை. நிறுத்தியதும் ஒடுக்கப்பட்டது பலமாகத் திரும்பி வருகிறது. கனவுகள் நிறம், சத்தம், அச்சம் எல்லாம் கூடியதாக இருக்கும், அடிக்கடி விழிப்பும் வரும். இரவில் நித்திரை உடைந்தால் பகலில் களைப்பு. பகலில் இரண்டு மணிநேரம் படுத்தால் இரவுக்கு நித்திரைப் பசி இல்லை. இந்த வட்டத்தை நீங்கள் உடைக்கக்கூடிய இடம் பகல் படுக்கைதான். அதை இருபது நிமிடமாகச் சுருக்குங்கள், கடிகாரத்தில் மணி வையுங்கள். நெடுஞ்சாலை சொன்ன எழும்பும் நேரத்தை நானும் வழிமொழிகிறேன்.

இரண்டு கேள்விகள். புகையிலை கலந்து சுருட்டினீர்களா? கோப்பி எவ்வளவு குடிக்கிறீர்கள்?

பனங்கொட்டை எழுதியது:

அக்கா, புகையிலை கலந்துதான். அதையும் கூடவே விட்டுவிட்டேன். கோப்பி வேலைக்குப் போகும் வழியில் பெரியது ஒன்று, ஒன்பது மணி இடைவேளையில் இன்னொன்று. இப்போது களைப்புக்காக நடுவிலும் ஒன்று சேர்ந்துவிட்டது.

வெள்ளைச்சப்பாத்து எழுதியது:

அப்படியானால் நீங்கள் ஒரே நேரத்தில் இரண்டை விட்டிருக்கிறீர்கள். நிக்கோட்டினை நிறுத்தினாலும் எரிச்சலும் நித்திரைக் குழப்பமும் வரும். கோப்பி விடயம் பலருக்குத் தெரியாது. புகையில் உள்ள சில சேர்மங்கள், கஃபீனை உடைக்கும் கல்லீரல் நொதியை முடுக்கிவிடும். புகைப்பவருக்குக் கஃபீன் ஏறக்குறைய இரட்டை வேகத்தில் வெளியேறும். புகை நின்றதும் அந்த வேகமும் விழுந்துவிடும். முன்பு குடித்த அதே கோப்பி இப்போது இரத்தத்தில் நெடுநேரம் தங்குகிறது. ஒன்பது மணிக் கோப்பியோடு ஒரு மணிக்குப் படுத்தால் நான்கு மணிக்கு விழிக்காமல் என்ன செய்வீர்கள்? வேலைக்குப் போகும் வழியில் குடிப்பதோடு நிறுத்துங்கள், அதையும் சிறியதாக்குங்கள். திடீரென்று முழுவதையும் வெட்டினால் தலைவலி வரும், படிப்படியாகக் குறையுங்கள். இடைவேளைக்கு அம்மாவின் மல்லித் தண்ணீரைப் போத்தலில் கொண்டு போங்கள். கண்ணூறு போகுமோ தெரியாது, அதில் கஃபீன் இல்லை.

வேறு மருந்து எதுவும் எடுக்கிறீர்கள் என்றால் வைத்தியரிடம் சொல்லுங்கள். புகையை விடும்போது சில மருந்துகளின் அளவையும் மாற்ற வேண்டி வரும். வேலை நண்பரின் குளிசையை வாங்க வேண்டாம். பென்சோ (பென்சோடயசெபைன் என்ற, நித்திரைக்கும் பதற்றத்துக்கும் தரும் மருந்து) வகைக் குளிசையாக இருந்தால் ஒரு பழக்கத்தை விட்டு இன்னொன்றில் மாட்டிக்கொள்வீர்கள்.

களைப்பு எல்லாவற்றையும் கஞ்சாவின் தலையில் கட்டவும் வேண்டாம். குடும்ப வைத்தியரிடம் போய் இரத்தத்தின் இரும்புச்சத்து, தைரொயிட், சர்க்கரை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நம் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நிற்கிறதா என்று மனைவியிடம் கேளுங்கள். அப்படி இருந்தால் நித்திரைப் பரிசோதனை தேவை. பார ஊர்தி ஓட்டப் போகிறவர் அதைத் தள்ளிப்போடக்கூடாது. வைத்தியரிடம் கஞ்சாவை மறைக்காதீர்கள். இங்கே அது சட்டப்படியான பொருள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வன்னிக் கனவுகளைப் பற்றி. பரீட்சைக் கனவு தானாக ஓயும். பதுங்குகுழிக் கனவு ஓயலாம், ஓயாமலும் இருக்கலாம். எங்களில் பலர் நித்திரைக்காகப் புகைத்தோம் என்று சொல்லிக்கொண்டாலும், அந்த நாட்களைப் பார்க்காமல் இருக்கவே புகைத்தவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அப்படியா என்று நான் கேட்கவில்லை. இன்னும் சில வாரங்களில் குறையாவிட்டால், அல்லது பகலிலும் அந்தக் காட்சிகள் வந்து உலுக்கினால், போர் அனுபவங்களுக்கான உளச்சிகிச்சைக்கு அனுப்பும்படி வைத்தியரிடம் கேளுங்கள். தமிழில் பேசக்கூடியவர் வேண்டும் என்றும் கேளுங்கள். கனவைப் பகலில் எழுதி, அதன் முடிவை நீங்கள் விரும்பியபடி மாற்றி, மாற்றியதை நாளும் சிறிது நேரம் மனதில் ஓட்டிப் பழகும் முறை ஒன்று உண்டு. கொடுங்கனவுகளுக்கு அது பயன்படுகிறது. ஆனால் பதுங்குகுழியைத் தனியாக எழுதத் தொடங்க வேண்டாம், பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் 9-8-8 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள்.

பனங்கொட்டை எழுதியது:

நன்றி அக்கா. குறட்டை பற்றி மனைவியைக் கேட்டேன். கேள்வியை முடிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது, மூச்சு நிற்பதையும் பார்த்திருக்கிறாராம். வைத்தியரிடம் நேரம் எடுத்துவிட்டேன், இரண்டையும் சொல்லப் போகிறேன்.

நெடுஞ்சாலை அண்ணா, பயிற்சி வகுப்பைப் பங்குனிக்குத் தள்ளிவிட்டேன். முன்பணம் திரும்பக் கிடைக்காதாம்.

நெடுஞ்சாலை எழுதியது:

பணம் போகட்டும். பங்குனியில் கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னால் தள்ளுவார்கள், அந்த வாரத்தை விட்டு அடுத்த வாரத்தில் தொடங்குங்கள்.