ரிப்பீட்டர் தானாகவே டிஎக்ஸ் (டிரான்ஸ்மிட்) போகிறது, யாராவது உதவுங்கள்

புதுஅலை:
வணக்கம். வீட்டில் ஆல்ஸ்டார் (அமெச்சூர் ரேடியோக்களை இணையம் வழியாக இணைக்கும் வலையமைப்பு) நோடு போட்டு, வரும் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் அமைத்திருக்கிறேன். ஆன் செய்ததுமே டிரான்ஸ்மிட்டர் கிளம்பிவிடுகிறது, யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் டைம் அவுட் என்று குரல் வந்து நிற்கிறது. நேற்று பல நோடுகள் சேரும் ஒரு ஹப்பில் இணைத்தேன், எல்லோர் காதிலும் ஒரே இரைச்சல். நாளை நண்பர்களுக்குக் காட்ட வேண்டும். அவசரம்.

செம்புக்கம்பி:
எந்த ரேடியோ? ரிசீவரும் டிரான்ஸ்மிட்டரும் தனித்தனியா? நோடு ஓடும் ராஸ்பெர்ரி பை கணினிக்கும் ரேடியோவுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? "கொஞ்ச நேரம்" என்றால் எவ்வளவு?

உயர்கோபுரம்:
இது டீசென்ஸ்தான் (சொந்த டிரான்ஸ்மிட்டரே ரிசீவரைக் கெடுப்பது), கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். 2 மீட்டர் அலைவரிசையில் வாங்கும் அலைவெண்ணுக்கும் அனுப்பும் அலைவெண்ணுக்கும் 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிதான் இருக்கும். இரண்டையும் பிரிக்கும் வடிகட்டியான டியூப்ளெக்ஸர் சரியாக டியூன் ஆகவில்லை என்றால் உங்கள் டிரான்ஸ்மிட்டரே உங்கள் ரிசீவரைச் செவிடாக்கும், ஸ்கெல்ச்சையும் (சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைக்கும் கதவு) திறந்துவிடலாம்.

மணிச்சுருள்:
யூஎஸ்பி கேபிளில் ஆர்எஃப் (ரேடியோ அலை) ஏறுகிறது. ஃபெரைட் வளையம் போடுங்கள். என் நோடில் பாதித் தொல்லை அதில்தான் தீர்ந்தது.

பழையகீ:
ஆரம்ப நிலையில் இருப்பவர்கள் நேராக ரிப்பீட்டரில் கை வைப்பதால் வரும் வினை இது. வெளியிணைப்பே இல்லாமல் ஒரு மாதம் ஓட்டிப் பழகிய பிறகுதான் ஹப் பக்கம் போக வேண்டும். இணையத்தில் போகும் குரலை ரேடியோ என்றே நான் ஏற்பதில்லை.

செம்புக்கம்பி:
சோதிக்காத நோடை ஹப்பில் இணைக்கக் கூடாது, அது சரி. மற்றதை ஏற்க முடியாது. ரிப்பீட்டர்களை இணையம் வழியாக இணைக்க 1997இல் வந்த ஐஆர்எல்பி, கணினியிலிருந்து நேராக நுழைவதையே அனுமதிப்பதில்லை. இரு முனையிலும் ரேடியோ இருந்தாக வேண்டும். இதை எப்படி ரேடியோ இல்லை என்பீர்கள்?

பழையகீ:
அதே போன்ற இணைய வலையமைப்பான எக்கோலிங்கில் அந்தக் கட்டுப்பாடு இல்லையே. ஃபோனில் செயலியைத் திறந்து பேசுகிறார்கள்.

மணிச்சுருள்:
அவர்களும் உரிமம் காட்டித்தான் உள்ளே வருகிறார்கள். ஆண்டெனா கட்ட இடமில்லாதவர் வேறு என்ன செய்வார்? ஆல்ஸ்டாரை உருவாக்கிய ஜிம் டிக்சனே ரிப்பீட்டர் ஆசாமிதான். ஆஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருளுக்குள் ரிப்பீட்டர் கன்ட்ரோலரைக் கொண்டுவந்தவர் அவர்.

புதுஅலை:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். இரண்டு பழைய மொபைல் ரேடியோக்கள், சிஎம்108 சிப் உள்ள யூஎஸ்பி சவுண்ட் ஃபாப் (சின்ன சவுண்ட் கார்டு), சிக்னல் வருவதைக் கணினிக்குச் சொல்லும் சிஓஎஸ் வயரை நானே பற்றவைத்தேன். நேரம் பார்த்தேன், சரியாக 3 நிமிடம். இன்னொன்று, கையடக்க ரேடியோவில் பிடிடி (பேசும் பொத்தான்) அழுத்தினால் டிஎக்ஸ் நின்றுவிடுகிறது, விட்டால் மறுபடி கிளம்புகிறது.

செம்புக்கம்பி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! 3 நிமிடம் என்பது டைம் அவுட்டின் வழக்கமான அளவு, 180000 மில்லிசெகண்ட். சிக்னல் வந்தால் நிற்கிறது, போனால் கிளம்புகிறது என்றால் சிஓஎஸ் தலைகீழாக இருக்கிறது. உங்கள் ரேடியோ சிக்னல் வரும்போது அந்த வயரைத் தரைக்கு இழுக்கிறது, மென்பொருள் எதிர்மாறாக வோல்டேஜ் ஏறுவதை எதிர்பார்க்கிறது. அதனால் வெறும் அமைதியை யாரோ பேசுவதாக எடுத்துக்கொள்கிறது. சிம்பிள்யூஎஸ்பி அமைப்புக் கோப்பில் 'கேரியர்ஃப்ரம்' வரியில் 'யூஎஸ்பி' என்றிருப்பதை 'யூஎஸ்பிஇன்வெர்ட்' என்று மாற்றி, ஆஸ்டெரிஸ்க்கை மறுபடி தொடங்குங்கள்.

உயர்கோபுரம்:
டீசென்ஸும் கூடவே இருக்கலாம்.

செம்புக்கம்பி:
இருக்கலாம், பிரித்துப் பார்ப்பது சுலபம். டிரான்ஸ்மிட்டரின் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, ட்யூன் மெனுவில் சிஓஎஸ் நிலையைப் பாருங்கள். டிஎக்ஸே இல்லாதபோதும் சிக்னல் இருப்பதாகக் காட்டினால் டியூப்ளெக்ஸர் மேல் குற்றமில்லை. அதுவரை ஹப் வேண்டாம்.

புதுஅலை:
கழற்றிய பிறகும் சிக்னல் இருப்பதாகவே காட்டியது. இன்வெர்ட் போட்டேன், அடங்கிவிட்டது! மிக்க நன்றி சார்.

உயர்கோபுரம்:
நல்லது. டிஎக்ஸை மாட்டிய பிறகு தூரத்திலிருந்து பலவீனமான சிக்னல் எடுக்கிறதா?

செம்புக்கம்பி:
ரிசீவரில் சிடிசிஎஸ்எஸ் (குறிப்பிட்ட டோன் வந்தால்தான் திறக்கும் வசதி) வைத்திருக்கிறீர்களா?

மணிச்சுருள்:
ஃபெரைட் எதற்கும் போட்டு வையுங்கள்.