எம்மென்டாலில் மூன்று நாள் ரோட் பைக்: ஒரு நாளைக்கு 110 கிலோமீட்டர் சாத்தியமா?

ஏரிக்கரையான் கேட்டது:

வணக்கம். சூரிச் வந்து இரண்டு வருடம் ஆகிறது. போன வருடம்தான் ஒரு பழைய ரோட் பைக் வாங்கினேன். சூரிச் ஏரி, கிரைஃபென் ஏரி என்று தண்ணீரைச் சுற்றியே ஓட்டிப் பழகியவன் நான். சனிக்கிழமை விடிகாலையில் கிளம்பினால் 80, 90 கிலோமீட்டர் முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பேன், பெரிய களைப்பும் இருக்காது.

ஜூன் கடைசியில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் கிடைக்கிறது. ரயிலில் புர்க்டோர்ஃப் போய் இறங்கி, பேர்னுக்குக் கிழக்கே இருக்கும் எம்மென்டால் மேட்டுப் பகுதியின் கிராமங்கள் வழியாக லாங்னௌ, தூன், கடைசியில் பேர்ன் என்று போக ஆசை. பெரிய மலைக்கணவாய் எதுவும் எனக்கு வேண்டாம். பச்சை மேடுகள், பண்ணை வீடுகள், வண்டி அதிகம் வராத சின்ன ரோடு, இவ்வளவுதான் நான் தேடுவது. 99-ஆம் எண் சைக்கிள் பாதையான ஹெர்ட்ஸ்ரூட்டை அப்படியே பிடித்துக்கொண்டு, நடுவில் சுற்றுகள் சேர்த்து ஒரு நாளைக்கு 110 கிலோமீட்டர் என்று வரைபடத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

முன்னால் இரண்டு பல்சக்கரம், 50 பல், 34 பல், பின்னால் பெரிய பல்சக்கரம் 28 பல், டயர் 28 மில்லிமீட்டர். இது போதுமா? ஞாயிற்றுக்கிழமை கிராமத்தில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? ரயிலில் சைக்கிள் ஏற்றிய அனுபவமும் இல்லை. அந்தப் பக்கம் ஓட்டியவர்கள் சொல்லுங்கள், அண்ணாமார், அக்காமார்.

முகட்டுப்பாதை எழுதியது:

தம்பி, பன்னிரண்டு வருடமாக புர்க்டோர்ஃப் பக்கம்தான் இருக்கிறேன், வாரத்துக்கு மூன்று நாள் இந்த ரோடுகளில்தான் ஓட்டம். முதலில் அந்த 110-ஐ அழித்துவிடுங்கள். ஏரிக்கரையில் 90 ஓட்டுகிற காலுக்கு இங்கே 50 கிலோமீட்டரே ஒரு முழு நாள் வேலை. உங்கள் காலைக் குறை சொல்லவில்லை, நிலம் அப்படி. இங்கே கிலோமீட்டரைக் கணக்குப் பார்க்கக் கூடாது, ஏறும் மீட்டரைத்தான் பார்க்க வேண்டும்.

ஊர்ப் பெயர்களே உங்களுக்கு வழி சொல்லும். பெயர் "எக்" என்று முடிந்தால் அது முகடு. "கிராபென்" என்று முடிந்தால் இரண்டு முகடுகளுக்கு நடுவே ஓடும் குறுகலான பள்ளம். எம்மென்டால் முழுக்க இந்த இரண்டும்தான் மாறி மாறி வரும். பள்ளத்தோடு போனால் ரோடு சாதுவாக இருக்கும், ஒரு பள்ளத்திலிருந்து அடுத்ததுக்குத் தாண்டும்போதுதான் முகட்டு மேல் ஏற வேண்டும், அந்த ஏற்றம் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும், ஆனால் 10, 12 சதவீதம், சில வளைவுகளில் அதற்கும் மேல். ஒன்று முடிந்து மூச்சு வாங்கி இறங்கினால் அடுத்தது எதிரே நிற்கும்.

ஹெர்ட்ஸ்ரூட் அழகான பாதைதான், லோசானிலிருந்து ரோர்ஷாக் வரைக்கும் போகிறது. ஆனால் அதில் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஈ-பைக்கில் போவதைப் பார்ப்பீர்கள், காரணம் அது முகடுகளைத் தேடித் தேடி ஏறும். அங்கங்கே தார் போடாத பாதையும் வரும். ரோட் பைக்குக்கு அதை அப்படியே பிடிக்காதீர்கள், அதன் ஊர்களை மட்டும் எடுத்துக்கொண்டு இடையில் கிராமத் தார் ரோடுகளில் போங்கள்.

நான் போகச் சொல்வது இப்படி. வெள்ளிக்கிழமை புர்க்டோர்ஃபிலிருந்து எம்மெ ஆற்றோரமாக ஹாஸ்லெ-ரூக்சௌ. அங்கே கூரை போட்ட மரப்பாலம் இருக்கிறது, 1837-ல் எம்மெயில் பெருவெள்ளம் வந்து போன பிறகு 1839-ல் கட்டியது, ஒரே வளைவில் 58 மீட்டர் தாண்டி நிற்கிறது. சைக்கிளை விட்டு இறங்கி உள்ளே நடந்து பாருங்கள். வெயிலிலிருந்து நுழைந்ததும் கண் இருட்டும், அப்புறம் ஒவ்வொரு மரமாகத் தெரிய ஆரம்பிக்கும், இரண்டு பக்கமும் கை அகலத்துக்குத் தடித்த உத்தரங்கள் வில்லாக வளைந்து போவது தெரியும். கீழே தண்ணீர்ச் சத்தம் கூரையில் மோதித் திரும்பும். அங்கே கால் மணி நேரம் நில்லுங்கள் தம்பி, அதற்குத்தானே வருகிறீர்கள்.

அங்கிருந்து அஃபோல்டெர்னுக்கு ஏறி, பக்கத்திலேயே 887 மீட்டர் உயர லூக் மேட்டைத் தொட்டுவிட்டு, சுமிஸ்வால்ட், வாஸென், லூடரென் ஆல்ப் வழியாக கோல் பள்ளத்தில் இறங்கினால் லாங்னௌ. 50 கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும், ஏற்றம் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர். சனிக்கிழமை லாங்னௌவிலிருந்து எக்கிவில், ஷாலென்பெர்க், ஷ்வார்ட்சென்எக், தூன். ஷாலென்பெர்க் 1167 மீட்டர்தான், ஆனால் வார இறுதியில் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள், அதனால் ஏழு மணிக்கே லாங்னௌவை விட்டுக் கிளம்பிவிடுங்கள். ஞாயிறு தூனிலிருந்து ரிக்கிஸ்பெர்க் போய் லேங்கன்பெர்க் முகட்டிலேயே ஓட்டி ஸிம்மர்வால்ட் வழியாக பேர்ன். வானம் தெளிவாக இருந்தால் அந்த முகட்டில் ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் சிகரங்கள் மூன்றும் வரிசையாக நிற்கும். ஸிம்மர்வால்ட் சின்ன ஊர்தான், ஆனால் 1915 செப்டம்பரில் லெனினும் ட்ரொட்ஸ்கியும் மற்றவர்களும் பறவை ஆய்வாளர்கள் என்று சொல்லிக்கொண்டு தங்கி, போருக்கு எதிரான மாநாடு நடத்தியது இங்கேதான்.

கியர் விஷயம். 34-க்கு 28 என்றால் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலே மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் வேகம் வேண்டும், 12 சதவீதத்தில் அந்த வேகத்தை ஒரு ஏற்றத்துக்குப் பிடிக்கலாம், ஐந்தாவது ஏற்றத்தில் முட்டி பேசும். பின்னால் 34 பல் போட்டால் அதே மிதிக்கு ஏழரைதான் வரும், அந்த ஒன்றரை கிலோமீட்டர் வித்தியாசம் மூன்றாம் நாள் காலையில் தெரியும். உங்கள் வண்டியில் பின்பக்கம் கியர் மாற்றும் கருவி 34 பல்லைத் தாங்குமா என்று கடையில் கேட்டுவிட்டு மாற்றுங்கள், பழைய வண்டிகளில் அதையும் நீளமானதாகப் போட வேண்டிவரும், செயினும் புதிதாக வேண்டும்.

மழைத்துளி எழுதியது:

முகட்டுப்பாதை அக்கா சொன்ன வழியை நானும் ஓட்டியிருக்கிறேன், மாற்றுக் கருத்து இல்லை. இறக்கத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் ஏற்றம் யாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதில்லை.

மேய்ச்சல் நிலம் தொடங்குகிற இடத்தில் மாடு தாண்டி வராமல் இருக்க ரோட்டின் குறுக்கே இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டுப் பதித்திருப்பார்கள். காய்ந்திருந்தால் ஒன்றும் ஆகாது, தடதடவென்று தாண்டிவிடலாம். நான்கு வருடத்துக்கு முன் லேசான தூறலில் என்ட்லெபூக் பக்கம் ஒன்றைத் தாண்டினேன், அது வளைவில் இருந்தது, நானும் வளைந்தபடியே போனேன். வண்டிச் சக்கரங்கள் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று இருந்த குழாய், அதன் மேல் ஈரம். முன்சக்கரம் பக்கவாட்டில் போனதை உணர்வதற்குள் தோள் தரையில் இருந்தது, காறை எலும்பு முறிந்துவிட்டது. பக்கத்துப் பண்ணையிலிருந்து ஒரு அம்மா கம்பளியோடு ஓடி வந்தார், அவரேதான் ஆம்புலன்ஸ் எண் 144-க்குப் போன் செய்தார். அன்றிலிருந்து ஈரம் இருந்தால் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, கம்பிக்கு நேர் செங்குத்தாகத் திரும்பி, கம்பி மேல் பிரேக்கைத் தொடாமல் தாண்டுகிறேன். வளைவில் இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன்.

ஜூன் கடைசி என்றால் தீவனப் புல் அறுப்பும் இருக்கும். டிராக்டர் ரோட்டில் உதிர்த்துப் போகும் ஈரப் புல்லும் சேறும் வளைவுக்கு அந்தப் பக்கம் கிடக்கும், மேலிருந்து தெரியாது. அப்புறம் ஊருக்குள் 30 கிலோமீட்டர் வேக வரம்பு போட்ட பகுதியில் வலது பக்கச் சந்திலிருந்து வருபவருக்குத்தான் முன்னுரிமை. சந்து எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி. இறக்கத்தின் வேகத்தோடு ஊருக்குள் நுழையும்போது இதை மறந்துவிடுவோம்.

நாப்ஃப் மலைப் பகுதி கோடை இடிமழைக்குப் பேர்போனது. காலையில் நீல வானம், மூன்று மணிக்குக் கறுப்பு. 2014 ஜூலையில் ஷாங்னௌ பக்கம் எம்மெ கொஞ்ச நேரத்தில் பொங்கி பாலங்களையும் வீடுகளையும் சேதப்படுத்தியதை அங்கே இன்னும் பேசுவார்கள். ஆக, இரண்டு மணிக்குள் அன்றைய ஊரை அடைந்துவிடுகிற மாதிரி கிளம்புங்கள். அக்கா சொன்ன 50 கிலோமீட்டர் கணக்கு இதற்கும் பொருந்தும்.

கோதுமைவெளி எழுதியது:

எனக்கு ஒரு மாற்று யோசனை. உங்களுக்குச் செங்குத்தான ஏற்றம் பழக்கமில்லை, மலைக்கணவாயும் வேண்டாம் என்கிறீர்கள், அப்படியானால் எம்மென்டாலை அடுத்த வருடத்துக்கு வைத்துவிட்டு இந்த முறை மேற்கே வரலாமே. ஃப்ரீபூரிலிருந்து ரோமோன், மூதோன், எஷாலென், லோசான். மேடு பள்ளம்தான், ஆனால் கடல் அலை மாதிரி நீண்டு தாழ்ந்து எழும், ஒரே சீராக மிதித்துக்கொண்டே போகலாம். ரோமோன் ஊர் வட்டமான ஒரு குன்றின் தலையில் மதிலோடு உட்கார்ந்திருக்கும், எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அரை மணி நேரம் முன்பே கண்ணில் படும். எஷாலென் சுற்றிலும் கோதுமை வயல், ஜூன் கடைசியில் பொன்னிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும். கடைசியில் லோசானுக்குக் கிழக்கே கொஞ்சம் சுற்றிப் போனால் லாவோ திராட்சைத் தோட்டப் படிகளின் நடுவே ஜெனீவா ஏரியைப் பார்த்து இறங்கலாம்.

ஒரே சிக்கல் பீஸ் என்கிற வடகிழக்குக் காற்று. அது வீசினால் தெற்கே ஏரியை நோக்கிப் போகிற வழி முழுக்க முதுகைத் தள்ளிவிடும், அதனால் பீஸ் வருகிற நாளில் ஃப்ரீபூரில் தொடங்குங்கள், மறந்தும் லோசானில் தொடங்காதீர்கள்.

ஏரிக்கரையான் எழுதியது:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. படித்துவிட்டு அன்று இரவே 110-ஐ அழித்துவிட்டேன். அக்கா சொன்ன வழியை வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன், முதல் நாள் ஏற்றம் மட்டும் நான் ஏரியைச் சுற்றி ஒரு மாதத்தில் ஏறுவதற்குச் சமம். கடையில் 34 பல் போட நாள் குறித்தாகிவிட்டது. கோதுமைவெளி அண்ணா, உங்கள் வழியைச் செப்டம்பருக்கு எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் அந்த மரப்பாலத்தைப் படித்த பிறகு எம்மென்டாலை விட மனசு வரவில்லை.

ரயிலும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் மட்டும் இன்னும் தெளிவாகவில்லை.

முகட்டுப்பாதை எழுதியது:

சந்தோஷம் தம்பி. பேர்னிலிருந்து சூரிச்சுக்கு ஐசி (இன்டர்சிட்டி ரயில்) பிடித்தால் மார்ச் 21 முதல் அக்டோபர் 31 வரை சைக்கிளுக்கு இடம் முன்பதிவு கட்டாயம், அது சைக்கிள் டிக்கெட் போகத் தனியாக எடுக்க வேண்டியது. ஞாயிறு மாலை இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் இன்றே எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் சக்கரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டால் அது கைச்சுமைதான், காசே இல்லை.

சாப்பாட்டுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஞாயிறு கிராமக் கடைகள் மூடியிருக்கும், ரயில் நிலையக் கடைகள்தான் திறந்திருக்கும், அதனால் தூனிலேயே வயிற்றையும் பையையும் நிரப்பிக்கொள்ளுங்கள். வழியில் பண்ணை வாசலில் ஆளில்லாத அலமாரி வைத்திருப்பார்கள், சீஸ், பின்னல் ரொட்டி, ஆப்பிள் சாறு எல்லாம் இருக்கும், காசை உண்டியலில் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். போனில் பணம் கட்டும் ட்விண்ட் செயலி இருந்தாலும் சில்லறையும் வைத்திருங்கள், ஐந்து ஃப்ராங்க், இரண்டு ஃப்ராங்க் நாணயமாக. தண்ணீருக்குக் கவலையே வேண்டாம், ஊருக்கு ஊர் தொட்டி இருக்கிறது, குடிக்கக் கூடாது என்று பலகை இல்லாவிட்டால் குழாயிலிருந்து நேராகப் பாட்டிலில் பிடித்துக் குடிக்கலாம், ஜூனில்கூடப் பல் கூசும்.

பண்ணை வீட்டைத் தாண்டும்போது பெரிய கூரை வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டி வீடு இருக்கும், ஷ்டோக்லி என்பார்கள், பண்ணையைப் பிள்ளையிடம் கொடுத்த பெரியவர்கள் அதில் குடியிருப்பார்கள். அதன் வாசல் பெஞ்சில் பெரும்பாலும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். "க்ரூயெஸ்ஸெக்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், சூரிச்சில் சொல்கிற "க்ரூயெட்ஸி" இங்கே வேண்டாம். வாஸென் தாண்டி லூடரென் ஏறும்போது அப்படி ஒரு தாத்தா எனக்குக் கையைக் காட்டி "இன்னும் இரண்டு வளைவு" என்று சொன்னார், சரியாக இரண்டே வளைவுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை எந்த ரயில் என்று எழுதுங்கள். ஹாஸ்லெ பாலம் வரைக்கும் நானும் கூட வருகிறேன்.