ஒரே வீட்டில் மூணு விதமான முகம், போர்த் தண்ணி, அடுப்படி: யாருக்கு எதை வாங்கறது?

புதுவயல்_ஆச்சி

மகளுக்கு 19 வயசு, ஸ்கூட்டியில காரைக்குடிக்குக் காலேஜ் போறா. காலையில கழுவின முகம் பத்து மணிக்கே எண்ணெய் வழியுது. நெத்தியிலயும் தாடையிலயும் பரு. எனக்குக் கன்னம் வறண்டு இழுக்கும், ரெண்டு பக்கமும் மங்கு வேற. பலகார ஆர்டர் எடுக்கறதால பகல்ல பாதி நேரம் அடுப்படிதான். மாமியாருக்கு எதைப் பூசினாலும் எரியுதுங்கறாங்க. வீட்ல போர்த் தண்ணி, வாளி விளிம்புல வெள்ளையாப் படியும். கடையில கேட்டா ஆளுக்கு ஏழெட்டு டப்பா எடுத்து வைக்கிறாங்க. இதுல எது உண்மையிலேயே வேணும்?

முற்றத்து_வெயில்

ஆளுக்கு மூணு போதும் ஆச்சி. கழுவ ஒண்ணு, ஈரப்பதத்துக்கு ஒண்ணு, வெயிலுக்கு ஒண்ணு. டோனர், ஸ்க்ரப், ஷீட் மாஸ்க் எதுவும் இப்ப வேண்டாம்.

வாங்கறதுக்கு முன்னாடி தோல் என்ன வகைன்னு பாத்துடுங்க. ராத்திரி மென்மையான ஃபேஸ்வாஷ்ல கழுவி, துண்டால ஒத்தி எடுத்துட்டு ஒரு மணி நேரம் எதையும் பூசாம இருங்க. அப்புறம் நெத்தி, மூக்கு, கன்னம் மூணுலயும் தனித்தனியா டிஷ்யூ பேப்பரை அழுத்தி எடுங்க. மூணுலயும் கறை இருந்தா எண்ணெய்த் தோல். நெத்தி, மூக்குல மட்டும்னா கலப்பு. கறையே இல்லாம தோல் இழுத்தா வறண்ட தோல். சித்திரை மாசப் பகல்ல இதைச் செஞ்சா வேர்வையை எண்ணெய்ன்னு நெனச்சுடுவோம். பேப்பரை ஒரு பத்து நிமிஷம் காய விடுங்க, வேர்வை மறைஞ்சுடும், எண்ணெய்க் கறை கண்ணாடி மாதிரி அப்படியே நிக்கும். எரிச்சல் தோல்ங்கறது தனி வகை இல்ல, இந்த மூணுல எதோடயும் சேர்ந்து வரலாம்.

அடுத்து சோப்பு. டி.எஃப்.எம். 76ன்னு போட்டிருந்தா முகத்துக்கு உசத்தின்னு ஒரு பேச்சு இருக்கு. சோப்புல கொழுப்புப் பொருள் எத்தனை சதவீதம்ங்கற கணக்குதான் அது; 76ம் அதுக்கு மேலயும் முதல் தரம். ஆனா அசல் சோப்பு எந்தத் தரமானாலும் அதோட பி.எச். (அமிலமா காரமான்னு காட்டற அளவு) 9, 10ன்னு இருக்கும், முகத்தோலோ 5ஐ ஒட்டி இருக்கும். போதாக்குறைக்கு, போர்த் தண்ணியில இருக்கற கால்சியமும் மக்னீசியமும் சோப்போட சேர்ந்து திரியும். வாளியில நீங்க பாக்கற வெள்ளையில அதுவும் ஒரு பங்கு. முகத்துலயும் அது மெல்லிசா ஒட்டிக்கிட்டு வறட்சியும் அரிப்பும் தரும். அதனால சோப்பில்லாத கட்டியோ திரவமோ வாங்குங்க. பொருள் பட்டியல்ல சோடியம் பாமேட், சோடியம் பாம் கெர்னலேட்னு ஆரம்பிச்சா அது சோப்பு. சோடியம் கோகோயில் ஐசெதியோனேட்னு ஆரம்பிச்சா தாராளமா வாங்கலாம்.

தண்ணி ஊருக்கு ஊர் மாறும். காரைக்குடியில சம்பை ஊத்துத் தண்ணி கிடைக்கற வீடுகளுக்கு இந்தத் தொல்லை அவ்வளவா இல்ல. உங்களுக்கு, போர்த் தண்ணியிலயே கழுவிட்டுக் கடைசியா ஒரு செம்பு குடிதண்ணி ஊத்திக்கிட்டா போதும். ஆர்.ஓ. மிஷின் வெளியே தள்ற தண்ணியை வீணாக்க மனசில்லாம சிலர் முகம் கழுவப் பிடிச்சு வைக்கிறாங்க. அதுல உப்பு இன்னும் கூடத்தான் இருக்கும், வாசல் தெளிக்கறதோட நிறுத்திக்கணும்.

மாமியாருக்கு: எதைப் போட்டாலும் எரியுதுன்னா தோலோட மேல்பாதுகாப்பு கெட்டிருக்குன்னு அர்த்தம். ரெண்டு மூணு வாரம் எல்லாத்தையும் நிறுத்துங்க. காலையில வெறும் தண்ணி, ராத்திரி மட்டும் ஃபேஸ்வாஷ், முகம் ஈரமா இருக்கும்போதே வாசனை சேர்க்காத செராமைடு (தோல்லயே இருக்கற ஒரு கொழுப்பு) க்ரீம். மூலிகைன்னு எழுதியிருந்தா எரியாதுன்னு நம்பாதீங்க, வாசனை எண்ணெய்களும் எரிச்சலுக்குக் காரணமாகலாம். எரிச்சல் நெத்தி நடுவுல மட்டும்னா குங்குமச் சாயத்தையும் ஸ்டிக்கர் பொட்டுப் பசையையும் சந்தேகப்படுங்க. அந்தப் பசையால சிலருக்குப் பொட்டு வைக்கிற இடம் வெளுத்தே போகும்.

மருந்துக்கடை_மாடி

மகளுக்கு மட்டும் சொல்றேன்.

எண்ணெய் வழியுதுன்னு நாளைக்கு அஞ்சு தடவை கழுவ வேண்டாம். ரெண்டு தடவை, வேர்த்து வந்தா இன்னொரு தடவை. சாலிசிலிக் ஆசிட் 2 சதவீதம், ஃபேஸ்வாஷா இருந்தா ஒரு நிமிஷத்துல கழுவிப் போயிடும். பூசி விடற திரவமா வாங்கினா பலன் கூட. வாரத்துக்கு மூணு ராத்திரி ஆரம்பிச்சு, தோல் உரியலைன்னா கூட்டலாம். சிவந்து சீழ் வைக்கிற பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம்: பட்டாணி அளவு, பரு வர்ற இடம் முழுக்க, அஞ்சு நிமிஷம் வெச்சுக் கழுவிடலாம். கலர்த் துண்டு, தலையணை உறையெல்லாம் வெளுத்துடும், வெள்ளைத் துண்டு தனியா வைங்க. ரெண்டையும் ஒரே ராத்திரி போட்டா தோல் வெந்துபோகும். ஆறேழு வாரத்துக்கு முன்னாடி பலன் இல்லைன்னு தூக்கிப் போடாதீங்க.

எண்ணெய்த் தோலுக்கும் மாய்ஸ்சரைசர் வேணும், ஜெல் வகை. அதை விட்டுட்டு மருந்து மட்டும் போடறவங்கதான் முகம் உரியுதுன்னு பாதியில நிறுத்தறாங்க.

நெத்திப் பருவுக்கு முதல்ல தலை எண்ணெயைப் பாருங்க. காலையில எண்ணெய் வெச்சுப் பின்னி, அதுக்கு மேல ஹெல்மெட் போட்டா ஸ்பாஞ்ச் எண்ணெயைக் குடிச்சு நெத்தியிலயே தேய்க்கும். எண்ணெயை ராத்திரி வெச்சுக் காலையில அலசிடட்டும். ஸ்பாஞ்சைக் கழட்டி வாராவாரம் துவைங்க. தாடைப் பட்டையும் அப்படித்தான்.

ஒரு எச்சரிக்கை: நெத்தியில கடுகு மாதிரி எல்லாம் ஒரே அளவுல, அரிப்போட இருந்தா அது பருவே இல்லாம பூஞ்சையா இருக்கலாம். பரு மருந்துக்கு அது அடங்காது, தோல் டாக்டர்கிட்ட காட்டணும்.

புதுவயல்_ஆச்சி

நன்றி தம்பி. ரெண்டு கேள்வி. மங்குக்குன்னு பக்கத்து வீட்ல ஒரு டியூப் கொடுத்தாங்க, பெட்டாமெத்தசோன்னு போட்டிருக்கு. பத்து நாள்ல பளிச்னு ஆகும்ங்கறாங்க. இன்னொண்ணு, சொந்தக்காரங்க மலேசியாவுலேருந்து கொண்டு வந்த வெள்ளை க்ரீம். டப்பாவுல பொருள் பேரே இல்ல. கூடவே, நலங்கு மாவை விட்டுடணுமா?

முற்றத்து_வெயில்

ரெண்டு க்ரீமையும் தொடாதீங்க ஆச்சி.

பெட்டாமெத்தசோன், குளோபெட்டாசால், மொமெட்டாசோன், ஃப்ளூசினோலோன் எல்லாம் ஸ்டீராய்டு. முதல் ரெண்டு வாரம் முகம் வெளுத்து வழவழப்பா ஆகறது உண்மைதான், அதை நம்பித்தான் எல்லாரும் ஏமாறறாங்க. அப்புறம் தோல் மெலிஞ்சு, நரம்பு தெரிஞ்சு, கன்னத்துல முடி வளர்ந்து, வெயில்ல நின்னா தீயா எரியும். நிறுத்தினா பருவும் சிவப்பும் பொங்கிக்கிட்டு வரும், பயந்து திரும்பப் போடுவாங்க. 2018லயே 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு மத்திய அரசு பட்டியல்ல சேத்துடுச்சு. மாசக்கணக்கா போட்டு வர்றவங்க யாராவது படிச்சீங்கன்னா, சட்டுன்னு நிறுத்தாம டாக்டர் சொல்படி குறைங்க.

பேர் இல்லாத வெள்ளை க்ரீம்ல பாதரசம் இருக்கலாம். கலோமெல், மெர்குரஸ் குளோரைடு, மெர்குரிக்னு எங்கயாவது போட்டிருந்தா அதேதான். எதுவுமே போடாம, தங்கம் வெள்ளி நகையில படக் கூடாதுன்னு மட்டும் குறிப்பு இருந்தாலும் அதே சந்தேகம்தான், பாதரசம் தங்கத்தைப் பிடிச்சுக்கும். சிறுநீரகத்தைக் கெடுக்கும், 2023ல மலப்புரம் பக்கம் இப்படிப்பட்ட வெளுப்பு க்ரீம் பூசினவங்களுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்தது செய்தியாச்சு. அக்கரையிலேருந்து வர்ற சாமான்னா நம்ம பக்கம் தனி மரியாதை. இதுல அது வேண்டாம்.

மங்குக்கு அசலாயிக் ஆசிட் 10 சதவீதம் ராத்திரியில, இல்லைன்னா நியாசினமைடு 5 சதவீதம். ஒண்ணை மட்டும் ஆரம்பிங்க, மூணு மாசம் ஆகும். ஹைட்ரோகுவினோன் டாக்டர் சொல்லாம வேண்டாம். வருஷக்கணக்கா போட்டா கன்னம் நீலம் பாஞ்சு கறுத்துடும், அது போகாது.

நலங்கு மாவை விட வேண்டியதில்ல. வஸ்திரகாயம் பண்ணின, அதாவது துணியில சலிச்ச மாவா இருக்கணும், கரகரப்பு கீறும். உங்க தோலுக்குப் பாலாடையில குழைச்சு, காயறதுக்கு முன்னாடியே கழுவிடணும். எலுமிச்சை சேர்க்காதீங்க, அது பட்ட இடத்துல வெயில் பட்டா கறுக்கும். மாமியாருக்கு இப்போதைக்கு மாவும் வேண்டாம்.

பாதயாத்திரைக்காரன்

சன்ஸ்க்ரீன் பத்தி யாரும் விவரமா சொல்லல. எஸ்.பி.எஃப். 30, பி.ஏ. மூணு ப்ளஸ் போதும். எஸ்.பி.எஃப்.ங்கறது வெயில்ல இருக்கற யூ.வி.பி. கதிரை எவ்வளவு தடுக்கும்ங்கற கணக்கு, பி.ஏ. யூ.வி.ஏ. கதிருக்கு. எஸ்.பி.எஃப். 30 தொண்ணூத்தேழு சதவீதம் தடுக்கும், 50 தொண்ணூத்தெட்டு, அவ்வளவுதான் வித்தியாசம். தப்பு நடக்கறது அளவுல. ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டோட நீளத்துக்கும் பிதுக்கினா முகத்துக்கும் கழுத்துக்கும் சரி. அப்படிப் போட்டா 50 கிராம் டியூப் ஒருத்தருக்கு ஒன்றரை மாசம்கூட வராது. மூணு மாசம் வந்தா நீங்க போடறது பத்தல. வெளியே நின்னா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் போடணும், வேர்வையைத் துடைச்சா உடனே. தைப்பூசத்துக்குப் பழனி நடக்கறவங்க காலையில ஒரு தடவை பூசிட்டு நாள் பூரா நடக்கறாங்க, ஒன்பது மணிக்கு மேல அது இல்லாத மாதிரிதான்.

ஆச்சிக்கு மட்டும் சாதாரண சன்ஸ்க்ரீன் பத்தாது. கண்ணுக்குத் தெரியற வெளிச்சமும் மங்கை ஏத்தும், அதைத் தடுக்க அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறத்துல இருக்கற வகை வேணும். பட்டியல்ல அதோட நிற எண்களான சி.ஐ. 77491, 77492, 77499 இருக்கான்னு பாருங்க. அடுப்புச் சூடு தனிக் கணக்கு, சூட்டுக்கே மங்கு கூடும்; எந்த க்ரீமும் அதைத் தடுக்காது. எண்ணெய்ச் சட்டிக்கு மேல குனியாம நீளக் காம்பு ஜல்லிக்கரண்டி, எக்ஸாஸ்ட் ஃபேன், ஒரு ஈடு முடிஞ்சதும் பச்சைத் தண்ணித் துணியால முகத்தை ஒத்தறது, இதெல்லாம் உதவும்.

எதை வாங்கினாலும் ஒண்ணொண்ணா ஆரம்பிங்க, நடுவுல ரெண்டு வாரம் இடைவெளி விட்டு. முதல்ல முன்னங்கை உள்பக்கத்துல ஒரு வாரம் பூசிப் பாத்துட்டு முகத்துக்குப் போங்க. வாங்கினதைக் குளியலறை ஜன்னல்லயும் வண்டி டிக்கியிலயும் வைக்காதீங்க, நம்ம ஊர்ச் சூட்டுக்குச் சீக்கிரமே கெட்டுடும்.